அந்தப் பொண்ணு சொன்ன வழி

கல்யாணமாகி ஒன்பது வருஷமாக, 'லெஃப்ட்ல திரும்புங்க' என்று என்னை அதட்டும் உரிமை என் மனைவி ஒருத்திக்குத்தான் இருந்தது. போன வருஷம் அந்த உரிமைக்கு இன்னொருத்தி பங்குக்கு வந்தாள். முகம் கிடையாது, குரல் மட்டும்தான். நான் வாங்கிய செகண்ட் ஹாண்ட் காரின் டாஷ்போர்டுக்குள் குடியிருந்தாள்.

2016 மாடல். "டாப் எண்ட் சார், நேவிகேஷன் உள்ளேயே இருக்கு" என்றார் புரோக்கர். அந்த 'உள்ளேயே'வுக்காக 40,000 ரூபாய் கூடுதல். "அதான் போன்லயே மேப் இருக்கே?" என்றாள் மனைவி. போன் யாரிடம்தான் இல்லை? கூடப் பிறந்த நேவிகேஷன் என்றால் அது ஓர் அந்தஸ்து. இதெல்லாம் பெண்களுக்குப் புரியாது என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே ஆபீஸ் பார்க்கிங்கில் நாலு பேரைக் கூட்டி வைத்து டெமோ காட்டினேன். எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுக்குப் பக்கம். 'சேத்துப்பட்டு' என்று அடித்தேன். அவள் கம்பீரமாகச் சென்னைச் சேத்துப்பட்டுக்கு வழி சொன்னாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்து ஒரு கேமரா வாங்கினேன். முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ரோட்டைப் படம் பிடிக்குமே, அது. யாராவது வந்து இடித்தால் சாட்சி. சார்ஜரோடு சேர்த்து 1,400 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து மாட்டினேன். ஒயரை டாஷ்போர்டின் மேல் வழியாக அழகாக ஓட்டி, காரில் இருந்த ஒரே சாக்கெட்டில் சொருகினேன். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் 31 வருஷம் லைன்மேன். ரிட்டயராகி ஊரோடு இருக்கிறார். கொஞ்ச நாளாகவே வாசற்படியில் இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வந்து நிற்பவரைக் கவனிக்காமல் பேசுவதுமாக இருந்தார். ஊரில் பார்த்த டாக்டர், "கண்ணுல அழுத்தம் 28 இருக்கு. 21-க்குள்ள இருக்கணும். வேலூர்ல காட்டிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று எழுதிக் கொடுத்தார். இந்த வியாதி வலிக்காதாம். பக்கவாட்டுப் பார்வையை ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வருமாம். தின்றது தின்றதுதான், திரும்ப வராது.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை காலை ஏழரைக்கு டோக்கன் கிடைத்தது. வெள்ளி ராத்திரி ஊருக்குப் போய்ச் சேர்ந்து, விடிகாலை நாலே முக்காலுக்கு அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கிளப்பினேன். ஆரணி, கண்ணமங்கலம், வேலூர். அப்பாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்த வழி. ஆனால் புதுக் கார் வைத்திருக்கிற மகன், அப்பாவிடமா வழி கேட்பான்?

ஆரணியில் அப்பா சொன்னார்: "இப்டி லெஃப்ட்ல போய் கண்ணமங்கலம் ரோட்டைப் புடிடா."

"கோ ஸ்ட்ரெய்ட்" என்றாள் அவள்.

"அப்பா, அது ஷார்ட் கட் சொல்லுதுப்பா. சாட்டிலைட்ல பார்த்துச் சொல்லுது."

"மேலருந்து பாக்குறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நேராகப் போனேன். ஒரு லெஃப்ட், ஒரு ரைட். தார் ரோடு சிமென்ட் ரோடாகி, சிமென்ட் ரோடு மண் ரோடாகியது. "டர்ன் லெஃப்ட்" என்றாள். லெஃப்டில் ரோடு இல்லை, வரப்புதான் இருந்தது. திரையைப் பார்த்தேன். எங்கள் கார் ஓர் ஏரிக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தது. நிஜத்தில் ஏரி வலது பக்கம் இருந்தது, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

அப்பா கண்ணைச் சுருக்கி, ஹெட்லைட் வெளிச்சத்தில் கம்பங்களைப் பார்த்தார். "இது ஆரணி பீடர் இல்லியேடா. திமிரி லைனுக்குக் கீழ போய்க்கினு இருக்கோம்."

கண் தெரியாதவர் கம்பத்தைப் பார்த்து ஊரைச் சொல்கிறார். கண் தெரிந்த நான் திரையைப் பார்த்து ஏரியில் இருக்கிறேன்.

போனை எடுத்திருக்கலாமே என்கிறீர்களா? எடுத்தேன். உயிர் இல்லை. ராத்திரி ஊரில் கரண்ட் கட், காரிலோ ஒரே சாக்கெட்டில் கேமரா. பால் கேனோடு வந்த ஒருவர்தான் வழி சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி ஒன்பது இருபது. டோக்கன் காலாவதி. டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள். அடுத்த தேதி இருபத்திரண்டு நாள் கழித்து.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த இருபத்திரண்டு நாளைக்குள் அவளை ஒழுங்கு பண்ணிக் காட்டுவது என்று சபதம் போட்டேன். அப்பாவையே வழி கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் தோற்றது நான் இல்லையா?

முதலில் சர்வீஸ் சென்டர். காலையில் விட்டேன், சாயங்காலம் "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார்கள். ஓட்டிக் காட்டினார்கள். துல்லியமாக, தெரு முனை டீக்கடையைக்கூடத் தவறவிடாமல் காட்டினாள். வீட்டுக்கு வந்து, மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்பினால், பழையபடி பக்கத்துத் தெருவில் நிற்கிறாள். திரும்பப் போனேன். அங்கே சமர்த்து. பல் டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நிற்குமே, அந்த மாதிரி.

மூன்றாவது தடவை ஒரு சீனியர் டெக்னீஷியன் காரைச் சுற்றிவந்து, டாஷ்போர்டு மேல் இருந்த பித்தளைப் பிள்ளையாரைக் காட்டினார். "ஆன்டெனா இதுக்கு நேர் கீழதான் சார். சிக்னலை மறைக்குது."

விஷயம் நியாயமானதுதான். நிறைய கார்களில் அந்த ஆன்டெனா டாஷ்போர்டுக்குள்தான் ஒளிந்திருக்கும்; அதற்கு மேலே உலோகம் வைக்கக் கூடாது. ஆனால் இதை என் மனைவியிடம் யார் சொல்வது? "விக்னத்தைத் தீர்க்கிறவரே விக்னமா?" என்று ஒரு பிடி பிடித்தாள். பிள்ளையாரை ஓரமாக நகர்த்தி இரண்டு நாள் ஓட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளையார் குற்றமற்றவர் என்று விடுதலையாகி, தேங்காய் உடைத்து, பழைய இடத்துக்கே வந்தார்.

அடுத்து மேப் கார்டு. உள்ளே ஒரு சின்ன எஸ்.டி. கார்டில்தான் ஊர் உலகமெல்லாம் இருக்கிறது. கழற்றித் துடைத்துப் போட்டார்கள். கடைசியில், "மொத்த யூனிட்டையும் மாத்திடலாம் சார்" என்று 74,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நெஞ்சைத் தடவியபடி வெளியே வந்தேன்.

ஆபீஸில் விஷயம் பரவியது. நம் ஆபீஸ்களில் வேலை தெரியாதவர்கள் இருக்கலாம், வைத்தியம் தெரியாதவர்கள் கிடையாது.

பிசிக்ஸ் படித்துவிட்டு அக்கவுன்ட்ஸில் குப்பை கொட்டும் நண்பர் ஐன்ஸ்டைனில் இருந்து ஆரம்பித்தார். "சாட்டிலைட்டுக்கு நீ எங்க இருக்கேன்னு தெரியவே தெரியாதுப்பா. அது உன்னைப் பார்க்கிறதும் இல்லை. 'இப்ப மணி இவ்வளவு, நான் இங்க இருக்கேன்'னு கத்திக்கிட்டே போகும். அவ்வளவுதான் அதோட வேலை. அந்தச் சத்தம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கார் கணக்குப் போடும். நாலு சாட்டிலைட் கிடைச்சா இடம் தெரிஞ்சுடும். ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினா 300 மீட்டர் போச்சு. மேலே கடிகாரம் ஒரு நாளைக்கு 38 மைக்ரோ வினாடி வேகமா ஓடும். ரிலேட்டிவிட்டி! அதைக் கழிக்காம விட்டா ஒரே நாள்ல பத்து கிலோமீட்டர் தப்பு."

"கழிக்கிறாங்களா?"

"கழிக்காம?"

"அப்ப என் கார்ல என்ன தப்பு?"

"அது எனக்குத் தெரியாது" என்று காபி சாப்பிடப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் செக்‌ஷன் தம்பி கேட்ட கேள்வி உருப்படியானது. "அண்ணே, கார்ல தேதி சரியா இருக்கா?" ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் 1980 ஜனவரி 6-ல் இருந்து வாரக்கணக்கை எண்ணுகின்றனவாம். பழைய முறையில் அந்த எண்ணுக்குப் பத்தே பிட்தான் இடம். 1,024 வாரம் ஆனதும், பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை, 2019 ஏப்ரலில் ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. சுதாரிக்காத கருவிகளுக்கு இருபது வருஷம் குறைந்துபோகும். 2022 புத்தாண்டு அன்று வெளிநாடுகளில் ஒரு கம்பெனியின் பழைய கார்களிலெல்லாம் கடிகாரம் 2002-க்குப் போய் உட்கார்ந்துகொண்டதாம். எனக்கும் அப்படி ஒரு கடிகாரம் கிடைத்தால் 2002-ல் செய்யாமல் விட்ட ஒன்றிரண்டு காரியங்கள் பாக்கி இருக்கின்றன... விடுங்கள். என் காரில் தேதி சரியாகவே இருந்தது.

தம்பி இன்னொரு உதவியும் செய்தான். செட்டிங்ஸில் மூலை முடுக்கெல்லாம் தட்டி, சாட்டிலைட் எத்தனை கிடைக்கிறது என்று காட்டும் பக்கத்தைக் கண்டுபிடித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. சிக்னல் வலுவாக இருந்தால் கோடு உயரும். என் காரில் எல்லாக் கோடும் படுத்திருந்தது.

"சிக்னலே இல்லாம எப்படிண்ணே இத்தனை நாள் வழி சொல்லிச்சு?"

அதுதான் வேடிக்கை. சிக்னல் போனாலும் 'எனக்குத் தெரியவில்லை' என்று இவள் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகக் கணக்குப் போடுவாள். சுரங்கப்பாதையில் இது கைகொடுக்கும். 1981-ல் ஹோண்டா கம்பெனி ஜப்பானில் காரில் வைத்து விற்ற முதல் கருவிக்குச் சாட்டிலைட்டே கிடையாது, முழுக்க இந்தக் கணக்குதான்; மேப்பை பிலிம் தாளில் அச்சடித்துத் திரைமேல் சொருக வேண்டும். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும்? ஒவ்வொரு திருப்பத்திலும் பிசகு சேர்ந்துகொண்டே போகும். எங்கள் ஊர்ச் சந்துகளில் நான் ரிவர்ஸ் எடுத்த அழகில் அவளுக்குத் திசையே மறந்திருக்க வேண்டும். அந்தப் பிசகோடுதான், துளியும் தயக்கமில்லாத குரலில், என்னை ஏரிக்கு ஓட்டிப் போயிருக்கிறாள். எங்கள் மேனேஜர்கூட இப்படித்தான். அது வேறு விஷயம்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முதல் நாள் ஊருக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். 74,000-ம் சொன்னேன். பிள்ளையார் கதைக்குச் சிரித்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா இதுல நீ இன்னாடா மாத்தினே?"

"ஒண்ணும் மாத்தலைப்பா. கேமரா ஒண்ணு மாட்டினேன். அது தனி."

"லைன் ஃபால்ட் ஆனா எல்லாரும் இதான் சொல்லுவாங்க. 'நாங்க ஒண்ணும் பண்ணலைங்க, ஒரு மோட்டார் மட்டும் புதுசா போட்டோம்.' அந்தச் சாட்டிலைட் எவ்ளோ தூரம்?"

"இருபதாயிரத்து இருநூறு கிலோமீட்டர்."

"அங்க எவ்ளோ பவர்ல அனுப்புறான்?"

"சில பத்து வாட்தான்பா. வீட்டு பல்பு மாதிரி."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீட்டு பல்பு. இருபதாயிரம் கிலோமீட்டர். அப்ப உன் கார்தாண்டா டெயில் எண்ட். லைனோட கடைசி வீடு. அங்க வோல்டேஜ் இருக்கிறதே பெருசு. பக்கத்துல ஒருத்தன் வெல்டிங் வச்சா, காலி."

உள்ளே பார்த்து, "அந்த டிரான்ஸிஸ்டரை எடுத்தா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு தெருவில் ரேடியோவெல்லாம் கரகரக்கிறது என்று புகார் வந்தால், இவர் கையில் டிரான்ஸிஸ்டரோடு லைனுக்குக் கீழே கம்பம் கம்பமாக நடப்பாராம். எந்தக் கம்பத்தடியில் இரைச்சல் உச்சத்துக்குப் போகிறதோ, அங்கே மேலே பின் இன்சுலேட்டர் கீறல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல். "கண்ணு எதுக்குடா? காது போதும்."

மீடியம் வேவில் ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார். வெறும் 'உஸ்' சத்தம். என்னைக் காரைக் கிளப்பச் சொல்லிவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து ரேடியோவை டாஷ்போர்டு மேல் மெதுவாக நகர்த்தினார். ஸ்டீரியோ பக்கம் லேசாக முனகியது. பிள்ளையார் பக்கம் அமைதி. கேமரா ஒயர் பக்கம் வந்ததும், மாவு மில்லுக்குள் நுழைந்த மாதிரி 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். சார்ஜர் கிட்டே போனபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"புடுங்கு" என்றார்.

பிடுங்கினேன். மில் நின்றது. 'உஸ்' மட்டும்.

"இப்ப உன் கோட்டைப் பாரு. எனக்குத் தெரியாது, நீ படிச்சுச் சொல்லு."

திரையைப் பார்த்தேன். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு கோடு எழுந்தது. "ஒண்ணு வந்துடுச்சுப்பா." இன்னொன்று. "ரெண்டு... மூணு... நாலு..." ஒன்பது வரை எண்ணினேன். அம்பு ஏதோ ஒரு வயலில் இருந்து துள்ளி, எங்கள் தெருவுக்கு வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

மறுபடி சொருகினேன். எல்லாக் கோடும் படுத்தது. பிடுங்கினேன். எழுந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. மலிவு சார்ஜரும் கேமராவும் கக்குகிற இரைச்சல், நான் 'அழகாக' ஓட்டிய ஒயர் வழியாகப் போய், ஆன்டெனாவின் தலைமேலேயே உட்கார்ந்து கத்தியிருக்கிறது. ரேடியோவில் கேட்கிற அலைவரிசை வேறு, சாட்டிலைட்டுடையது வேறு; ஆனால் இந்த மாதிரி மட்டமான சரக்கு ஒரு இடத்தில் மட்டும் கத்தாது, எல்லா இடத்திலும் கத்தும்.

சர்வீஸ் சென்டர் மர்மமும் அப்போதுதான் விளங்கியது. அங்கே வேலை செய்கிற பையன் ஒவ்வொரு தடவையும் கேமராவைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சாக்கெட்டில் தன் போனைச் சார்ஜ் போட்டிருக்கிறான். வண்டியைக் கொடுக்கும்போது நல்ல பிள்ளையாகத் திரும்பச் சொருகியிருக்கிறான்.

74,000 ரூபாய் எஸ்டிமேட்டில் அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

மறுநாள் விடிகாலை கிளம்பினோம். ஆரணியில் அப்பா வாயைத் திறக்குமுன் "டர்ன் லெஃப்ட்" என்றாள். கண்ணமங்கலத்தை 'கன்னா மங் களாம்' என்று கடித்துத் துப்பினாலும் வழி சரி. ஆறு ஐம்பதுக்கு வேலூரில் இருந்தோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லிப் பரிசோதனை செய்தார்கள். இடது கண்ணில் ஓரப் பார்வை நிறையவே போயிருந்தது. "போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். தினம் ராத்திரி ஒரு சொட்டு. ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றவர், ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு வாரம் முன்னாடியே உங்களுக்கு டேட் கொடுத்திருக்கே. ஏன் வரலை?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"எனக்குத்தான் சார் அன்னிக்கு மேலுக்கு முடியல. தம்பி வரச் சொல்லிச்சு. நான்தான் வரலைன்னுட்டேன்."

டாக்டர் அவரைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மருந்துச் சீட்டு வாங்கும் சாக்கில் நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். "சார், அந்த மூணு வாரத்துல ஏதாவது கூடப் போயிருக்குமா?" என்று கேட்டேன். "அப்படித் தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

கேமரா இப்போது பீரோ மேல் இருக்கிறது. நல்ல சார்ஜராக வாங்கி, ஒயரைக் கூரை ஓரமாகச் சுற்றி எடுத்தால் தொந்தரவு இருக்காது என்கிறார்கள். செய்ய வேண்டும்.

அன்றைக்குத் திரும்பும்போது வேலூர் தாண்டியதும் மறுபடி அவள் பேச ஆரம்பித்தாள். அப்பா சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.

"கரெக்டாத்தாண்டா சொல்றா."

"ஆமாம்பா."

"கண்ணமங்கலத்துல நிறுத்து. டீ நல்லா இருக்கும், ஒரு கடை இருக்குது. அது அவளுக்குத் தெரியாது."